கள்ளிப்பாறை விலக்கில் இறங்கியவள்

முகூர்த்த நாள் சாயங்காலத்தில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுமலை பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பஸ் உள்ளே வந்து திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், தூக்குவாளி விழும். ஒருமுறை கல்யாண வீட்டு வாழைத்தார்கூட விழுந்து இடம் பிடித்ததை நாகஜோதி பார்த்திருக்கிறாள். போடுவதற்கு எதுவும் இல்லாதவர்கள் கைப்பிள்ளையைத் தூக்கி உள்ளே கொடுப்பார்கள். ஜன்னலோரம் இருக்கிறவர் யார், எந்த ஊர் என்று யாரும் விசாரிப்பதில்லை. நிற்கிறவளின் பிள்ளையை உட்கார்ந்திருக்கிறவள் மடியில் வாங்கிக்கொள்வது இந்தப் பக்கத்துப் பஸ்களில் எழுதாத சட்டம்.

நாகஜோதியும் அதைத்தான் செய்தாள்.

அவள் செல்லூர்க்காரி. புருஷன் முத்துக்குமரன் விசைத்தறி ஓட்டுகிறான். பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை என்று பல வருஷம் அலைந்த பிறகு பிறந்தவள் மகிழினி. மறுநாள் காலையில் எழுமலைப் பக்கம் குலசாமி கோயிலில் அவளுக்கு மொட்டை, காதுகுத்து. தறியில் நெய்து முடிகிற சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு விடியற்காலை வந்துவிடுவதாக முத்துக்குமரன் சொல்லியிருந்தான். எழுமலையில் அவள் தம்பி செல்வக்குமார் பைக்கோடு நிற்பான். நடுவில் ஒரு பஸ் பயணம்தானே என்று தனியாகக் கிளம்பிவிட்டாள்.

"யக்கா, புள்ளைய செத்த பிடிங்க. ஏறி வந்துர்றேன்."

"குடு தாயி" என்று ஜன்னலுக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டன. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள். மகிழினியின் மஞ்சள் குல்லா உள்ளே போனது. நாகஜோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள். அங்கே கால் வைக்க வழியில்லை. பின்வாசலில் தொத்தி ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ஏறினாளே தவிர, ஏறிய இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டாள். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. எட்டிப் பார்த்தால் நாலைந்து சீட்டுக்கு முன்னால் மஞ்சள் குல்லா தெரிந்தது. பிள்ளை அழவில்லை. அதுவரைக்கும் புண்ணியம் என்று மூச்சு விட்டாள்.

பக்கத்தில் நின்ற பெரியவருக்கு வாய் சும்மா இருக்காது போலிருந்தது. பெயர் மலையாண்டி, ஊர் உசிலம்பட்டிப் பக்கம், பேரனுக்குப் பொண்ணு பார்த்துவிட்டு வருகிறார், பொண்ணு பிடிக்கவில்லை. இவ்வளவும் காளவாசல் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

"அப்ப எல்லாம் இம்புட்டு நெருக்கடி கிடையாது தாயி. ரயிலு ஓடுச்சு. போடி வண்டி. மீட்டர்கேஜு."

அந்த ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மனிதருக்கு முகமே மாறிவிட்டது. சின்ன வண்டியாம். மேட்டில் ஏறும்போது இறங்கிக் கூடவே நடக்கலாமாம். பால்கேனும் காய்கறி மூட்டையும் ஆட்டுக்குட்டியும் அதில் மதுரைக்கு வருமாம். பிறகு அகலப்பாதை போடப்போகிறோம் என்று அந்த வண்டியை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தடம் மட்டும் வெறுமனே கிடந்தது. ரயிலில் போன சனமெல்லாம் பஸ்ஸில் வந்து தொங்கியது.

"இப்பத்தான் திருப்பி ரயிலு வந்துருச்சே, பெரியப்பா?"

"வந்துச்சு. யாருக்கு வந்துச்சு? பெரிய ஸ்டேசன்ல நிக்கும். நம்ம சின்ன ஸ்டேசனையெல்லாம் கழிச்சுக் கட்டிட்டாய்ங்க. கள்ளிப்பாறை ஹால்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. பிளாட்பாரம் இருக்கு, போர்டு இருக்கு, வண்டிதான் நிக்கிறதில்ல. முறைச்சுக்கிட்டே போயிரும்."

செக்கானூரணியில் கொஞ்சம் பேர் இறங்கினார்கள், அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். கண்டக்டர் வீரணன் பின்வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பரதநாட்டியம் ஆடலாம் போல எடம் கெடக்கு" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கரிசல் காட்டுக்கு அப்பால் மலை கறுத்துவிட்டது. பஸ்ஸுக்குள் இன்னும் விளக்குப் போடவில்லை.

மலையாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கள்ளிப்பாறையில ஒரு கதை உண்டு தாயி. ரயிலு ஓடுன காலம். ஒரு கைப்புள்ளக்காரி. வண்டி வந்து நின்னதும் எடம் பிடிக்க ஜன்னல் வழியா புள்ளைய உள்ள குடுத்துட்டா. வண்டி அங்க மூச்சு விடுற நேரந்தான் நிக்கும். இவ வாசலுக்கு வாரதுக்குள்ள கிளம்பிருச்சு. ஜன்னலைப் பாத்துக்கிட்டே ஓடுனா. கால் தவறி அடியில போயிட்டா."

"புள்ளை?"

"வண்டியோட போயிருச்சு. வாங்கி வச்சிருந்தவ யாருன்னு இன்ன வரைக்கும் தெரியாது. மதுரையில எறங்கி அவ பாட்டுக்குப் போயிட்டா." அவர் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "ரயிலு போச்சு, அவ போகலை. ரயிலுக்குப் பதிலா பஸ்ஸு வந்துச்சுல்ல, அவளும் ரோட்டுக்கு வந்துட்டான்னு சொல்லுவாய்ங்க. விளக்கு வைக்கிற நேரத்துல கள்ளிப்பாறைக்கு ரோடு பிரியுற விலக்குல ஒரு பஸ்ஸும் நிக்காது. எறங்க வேண்டியவன் முந்துன ஸ்டாப்புல எறங்கி நடந்துக்குவான்."

கிழவர்களுக்குப் பொழுது போகாவிட்டால் இப்படித்தான் பேசுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நாகஜோதி குதிகாலை உயர்த்தி முன்னால் பார்த்தாள்.

மஞ்சள் குல்லா இல்லை.

பச்சைச் சேலையும் இல்லை. அந்த ஜன்னலில் ஒரு பையன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வழி விடுங்க. வழி விடுங்கண்ணே. என் புள்ளை முன்னாடி இருக்கு."

எப்படி நுழைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. யாரோ காலை மிதித்ததாகத் திட்டினார்கள். அந்த சீட்டை எட்டி, ஓரத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"பச்சைச் சேலை கட்டியிருந்தவங்க எங்க? புள்ளை வச்சிருந்தாங்களே?"

"அவுக செக்கானூரணியில எறங்கிட்டாக. புள்ளைய முன்சீட்டுல குடுத்துட்டுத்தான் போனாக. எங்கிட்டும் போயிராது, பதறாத."

முன்சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண். மடியில் புத்தகப் பைகள் குவிந்திருந்தன.

"எங்கிட்டதான்க்கா இருந்துச்சு. ஒரே அழுகை. முன்னாடி கண்ணாடி போட்ட அத்தை நான் வச்சுக்கிறேன்னு வாங்குனாங்க."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை அழுதால் கை மாற்றுவார்கள். எத்தனையோ முறை இவளே அப்படி வாங்கியிருக்கிறாள், கொடுத்திருக்கிறாள். ஆனாலும் நாகஜோதி இன்னும் முன்னால் நெருக்கிக்கொண்டு போனாள்.

கண்ணாடிக்காரம்மா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தாள். மடி காலியாக இருந்தது.

"புள்ளை எங்கம்மா? மஞ்சக் குல்லா?"

"பெத்தவ வந்து கேட்டா. குடுத்துட்டேன்."

"நான்தாம்மா பெத்தவ!"

அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் முகமும் வெளுத்தது.

"இல்லம்மா... அந்தப் பொண்ணுக்கு மாருல பால் கட்டி ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சே. பசிச்சு அழுகுது, குடுங்கன்னு கேட்டுச்சு. வாங்கினதும் உன் புள்ளை அழுகைய நிறுத்திருச்சு. பெத்தவ இல்லாட்டி வேற யாருன்னு நெனைப்பேன்?"

அப்போதுதான் நாகஜோதிக்கு அந்த வாடை அடித்தது. புளித்த பால் வாடை. அதோடு கலந்து கரிப்புகை. டீசல் புகை இல்லை, அடுப்புப் புகையும் இல்லை. ஈரக்கரி எரிகிற புகை.

முன்வாசல் பக்கம் கூட்டம் திரும்பி நின்றது. முதுகுகள்தான் தெரிந்தன. அந்த முதுகுகளுக்கு நடுவே பிள்ளை சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது.

"மகிழு!"

விசில் ஊதியது.

நீளமாக, ஒரே விசில். டிரைவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பஸ் குலுங்கி நின்றது.

"ஏண்ணே, இங்க எதுக்கு விசில் குடுத்தீங்க?" என்று டிரைவர் பின்பக்கம் பார்த்துக் கத்தினார். அவர் குரல் சரியாக இல்லை.

"நான் குடுக்கலை" என்றார் வீரணன். விசில் அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "எடு மாப்ள. வண்டிய எடு."

ஆனால் முன்வாசலில் யாரோ இறங்கிவிட்டார்கள்.

நாகஜோதி படியிலிருந்து குதித்தாள். சாலையோரம் கள்ளிப்பாறை விலக்கு என்று எழுதிய நிழற்குடை ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு பழைய வண்டிப்பாதை. அதில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். தோளில் மஞ்சள் குல்லா. அவள் அவசரப்படவே இல்லை, ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கிறவள் மாதிரி நடந்தாள். நாகஜோதி ஓடினாள். ஓட ஓட நடுவிலிருந்த தூரம் குறையவில்லை. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. முள் ஏறியதை அவள் கவனிக்கவில்லை.

காடு முடிந்ததும் புதுத் தண்டவாளம் பளபளவென்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தாழ்வான பழைய பிளாட்பாரம். கல் பெஞ்சு ஒன்று. எழுத்து உதிர்ந்த மஞ்சள் போர்டு.

அவள் விளிம்பில் நின்றாள்.

முதுகுதான் தெரிந்தது. போடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்புக்குள் பிள்ளையின் ஒரு கால் மட்டும் வெளியே தொங்கியது. கொலுசு போட்ட கால். நாகஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். எட்டிப் பறித்துவிடலாம், இன்னும் ஒரு எட்டுதான்.

தூரத்தில் ரயில் கூவியது.

அந்தப் பெண்ணின் ஒரு கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றது.

பறித்தால் பிள்ளையோடு கீழே போவாள். அது நாகஜோதிக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. கத்தினாலும் போவாள். சாமி பேரைச் சொல்லிக் கும்பிடலாமா என்று நினைத்தாள், எந்த சாமி பேரும் வாயில் வரவில்லை. எத்தனை வருஷத் தவம் அந்தத் தொங்குகிற பிஞ்சுக் கால்.

தண்டவாளம் முனக ஆரம்பித்தது.

நாகஜோதி கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஏன் உட்கார்ந்தாள் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஒரு கைப்பிள்ளைக்காரி நின்றுகொண்டு தடுமாறினால், உட்கார்ந்திருக்கிற எந்தப் பெண்ணும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"யக்கா. புள்ளைய எங்கிட்ட குடுங்க. நான் வச்சிருக்கேன். நீங்க பைய ஏறுங்க."

அந்தப் பெண் திரும்பினாள்.

சின்ன வயசு. நாகஜோதியைவிடச் சின்ன வயசு. முகத்தில் பயங்கரம் எதுவும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வண்டியைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பதறுகிற முகம். ஜாக்கெட் மார்பில் ஈரம் பரவியிருந்தது. அவள் நாகஜோதியின் மடியைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள்.

"பிடிக்கிறியா?"

"பிடிக்கிறேங்க்கா."

"எறங்கும்போது குடுத்துருவியா?"

ரயில் வெளிச்சம் வளைவில் தெரிந்தது.

"குடுத்துர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் குனிந்து பிள்ளையை மடியில் வைத்தாள். தலைக்கு அடியில் கை கொடுத்து, கழுத்து மடங்காமல், பக்குவமாக வைத்தாள். அந்தக் கை நாகஜோதியின் தொடையில் பட்டது. பனிக்கட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். காய்ச்சல்காரி கை மாதிரி கொதித்தது.

ரயில் வந்தது. நிற்கவில்லை. வெளிச்சம் போட்ட ஜன்னல்கள் வரிசையாக ஓட, அவளும் கூடவே ஓடினாள். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அவள் இல்லை. ரயிலின் கடைசிப் பெட்டி போன பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

நாகஜோதி பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அது சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணை இன்னொரு தரம் ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. மகிழினிக்குக் கீறல்கூட இல்லை. வயிறு முட்டக் குடித்த பிள்ளை மாதிரி வாயோரம் பால் வழிய ஆழ்ந்து தூங்கினாள்.

வீரணனும் இன்னும் நாலு பேரும் செல்போன் வெளிச்சத்தோடு ஓடி வந்தார்கள். வீரணன் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். நாகஜோதியைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

"எப்பிடிம்மா திருப்பி வாங்குன?"

சொன்னாள்.

அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"எங்க எறங்கும்போதுன்னு சொன்னியா? ஊர் பேரு, எடம் பேரு ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லண்ணே. எறங்கும்போதுன்னு மட்டுந்தான்..."

வீரணன் அவளைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். தன் சீட்டிலேயே உட்கார வைத்தார். எழுமலையில் பஸ் நின்றதும் வீரணன் செல்வக்குமாரைப் படிக்கட்டு வரைக்கும் கூப்பிட்டார். "தம்பி, நீ ஏறி வந்து புள்ளைய வாங்கு. அக்கா கையில புள்ளையோட எறங்க வேணாம்."

மறுநாள் மொட்டையும் காதுகுத்தும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. தாய்மாமன் மடியில் மகிழினி காது குத்தும்போது மட்டும் அழுதாள். திரும்பும்போது செல்வக்குமார் கார் பிடித்து அனுப்பினான். முத்துக்குமரனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "கூட்டத்துல எவளோ புத்தி சரியில்லாதவ தூக்கிட்டுப் போயிருக்கா. புள்ளை கெடைச்சுருச்சுல்ல, விடு" என்றான். நாகஜோதி அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. எங்கே போனாலும் ஆட்டோதான். பவுசு வந்துவிட்டது என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

தடுப்பூசிக்குப் போக வேண்டிய அன்று அடைமழை. செல்லூரில் ஒரு ஆட்டோவும் வரவில்லை. முத்துக்குமரன் கூட வந்தான். "நான் இருக்கேன்ல? ரெண்டு ஸ்டாப்புதானே?" என்று டவுன் பஸ்ஸில் ஏற்றினான்.

பஸ்ஸில் கூட்டமே இல்லை. பகல் வெளிச்சம். நாகஜோதி ஜன்னலோரம் வேண்டாம் என்று நடுப்பக்கம் உட்கார்ந்து பிள்ளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. மகிழினி மழையைப் பார்த்துக் கைதட்டினாள். பாலம் தாண்டியதும் நாகஜோதிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கோரிப்பாளையத்தில் பஸ் நின்றது. முத்துக்குமரன் முதலில் இறங்கிக் குடையை விரித்தான். நாகஜோதி படியில் கால் வைத்தாள்.

மகிழினி அவள் தோளிலிருந்து திரும்பினாள். அப்பா நின்ற பக்கம் இல்லை, இந்தப் பக்கம். அங்கே மழையைத் தவிர யாரும் இல்லை. பிள்ளை தெரிந்த முகத்தைக் கண்டது மாதிரி சிரித்தது. இரண்டு கைகளையும் நீட்டியது.

நாகஜோதி பிடியை இறுக்கினாள்.

பிள்ளை அவள் கையில்தான் இருந்தாள். கனம் மட்டும் இல்லை. அடியில் இன்னொரு ஜோடிக் கை வந்து ஏந்தியிருந்தது.